ஜவ்வாது மலையில் லிவர்வொர்ட் கணக்கெடுக்க எத்தனை மரம் ஏற வேண்டும்?

வேலூரில் எம்.எஸ்ஸி. தாவரவியல் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். 'வெப்பமண்டல மலைக்காட்டில் லிவர்வொர்ட் பன்மை' என்று கைடு தலைப்புக் கொடுத்துவிட்டார் (லிவர்வொர்ட் என்பது பாசியின் உறவான, பூக்காத சிறு தாவரம்), கையில் ஆறு மாதம் இருக்கிறது, ஜவ்வாது மலையிலேயே செய்யலாமா, கொடைக்கானல் போயே ஆக வேண்டுமா, எத்தனை பிளாட் (மாதிரி எடுக்கும் கட்டம்) போடுவது, எத்தனை மரம் ஏறுவது, மொபைலில் எடுத்த போட்டோவை வைத்துப் பெயர் சொல்லிவிட முடியுமா? பார்க்க நாலைந்து கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: கொஞ்ச நாளில், கொஞ்சச் செலவில், வைவா என்ற வாய்மொழித் தேர்வில் யாராவது துருவிக் கேட்டால் நெளியாமல் பதில் சொல்லும்படியான ஓர் இனப்பட்டியலைத் தயாரிக்க முடியுமா என்பது. முடியும். ஆனால் நீங்கள் மரத்தை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள், உங்கள் நாட்கள் கரையப்போவதோ மைக்ரோஸ்கோப் மேஜையில். அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

என்னைப் பற்றி ஒரு வரி. இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன், பிரையோஃபைட்டுகளோடு, அதாவது பாசி, லிவர்வொர்ட், ஹார்ன்வொர்ட் கூட்டத்தோடு, பல வருடம் மல்லுக்கட்டியவன். லிவர்வொர்ட் வகைப்பாட்டில் நிபுணன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். பேரினம் வரை தைரியமாகச் சொல்வேன், அதற்குக் கீழே, குறிப்பாக லெஜூனியேசி குடும்பம் என்று வந்துவிட்டால், மாதிரியைத் தாள் பாக்கெட்டில் மடித்து நிபுணருக்குத் தபாலில் அனுப்பிவிடுவேன்.

முதலில் தலைப்பு. ஜவ்வாது மலையை 'வெப்பமண்டல மலைக்காடு' என்று எழுதினால் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் அங்கேயே பிடித்துக்கொள்வார். தாவரச் சூழலியலில் அந்தப் பெயர் பெரும்பாலும் மேகம் வந்து உட்காரும், வருடம் முழுக்க ஈரம் காயாத, உயரமான காட்டுக்குத்தான் வழங்குகிறது. நம் மாநிலத்தில் அது பழனி மலை, நீலகிரி, ஆனைமலை உச்சிகளின் சோலைக்காடு, அதாவது ஏறத்தாழ 1800 மீட்டருக்கு மேலே. ஜவ்வாது மலையின் பெரும்பகுதி ஆயிரம் மீட்டரை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் நிற்கிறது. காவலூர் வானாய்வகம் இருக்கும் இடமே சுமார் 700 மீட்டர். ஏலகிரியில் சுவாமிமலை உச்சிக்குப் போனாலும் 1300 சொச்சம்தான். காடும் பெரும்பாலும் இலையுதிர் காடு, கீழ்ச்சரிவில் முட்புதர், மேலே பள்ளங்களிலும் ஓடைக்கரைகளிலும் மட்டும் ஓரளவு பசுமை மாறாத திட்டுகள். கோடையில் போய்ப் பார்த்தால் மரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதெல்லாம் கருகின தோல் மாதிரி இருக்கும். ஆகவே தலைப்பை 'கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு வறண்ட குன்றுக்காட்டில் லிவர்வொர்ட் பன்மை' என்று மாற்றச் சொல்லிக் கைடிடம் கேளுங்கள். மதிப்புக் குறையாது. சோலையில் லிவர்வொர்ட் செழித்து வளரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், வறண்ட குன்றுகளில் எது எங்கே தாக்குப்பிடிக்கிறது என்று எழுதியவர்கள்தான் குறைவு.

உயரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் முன்னுரையில் இது கட்டாயம் வரும். லிவர்வொர்ட்டுக்கு நீரை இழுக்கும் வேர் கிடையாது, ரைசாய்டு என்ற அடிப்பக்க மயிரிழை பிடிப்புக்குத்தான் அதிகம் உதவுகிறது. காற்றில் ஈரம் இருந்தால் நனைந்திருக்கும், இல்லையென்றால் காய்ந்து சும்மா இருக்கும். நனைந்திருக்கும் நேரத்தில்தான் ஒளிச்சேர்க்கை. இதுவரை சந்தேகமே இல்லை. அடுத்தது விளக்கம்: தாழ்ந்த வெப்பமான காடுகளில் பகலில் செடி சீக்கிரம் காய்ந்துவிடுகிறது, ஒளிச்சேர்க்கை நின்றுபோகிறது, இரவில் மறுபடி ஈரம் ஏறியதும் சுவாசம் ஓடுகிறது, இரவும் வெக்கையாக இருப்பதால் அந்தச் சுவாசமும் அதிகம், ஆக பகலில் சேர்த்த கார்பனை இரவில் கரைத்துவிடுகிறது. உயரே போகப்போக இரவு குளிர்கிறது, மேகம் பகலிலும் நனைத்து வைக்கிறது, வரவு செலவைத் தாண்டுகிறது. பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம் இது. எல்லா இடத்துக்கும் இதுவே முழுக்காரணம் என்று நிரூபணமாகிவிட்ட மாதிரி எழுதிவிடாதீர்கள். வெப்பமண்டல மலைகளில் நடுத்தர, மேல் உயரங்களில் பிரையோஃபைட் இனங்கள் கூடுகின்றன என்பது பல நாடுகளில் பார்த்து உறுதியானது. அதன் காரணம் பற்றித்தான் பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழைத்துவிடாமல் எழுதினாலே பாதி வைவா முடிந்தது.

சரி, எங்கே செய்வது? என் தீர்ப்பு ஜவ்வாது மலைதான், காரணம் எளியது, நீங்கள் மறுபடி மறுபடி போக முடியும். காலையில் வேலூரில் பஸ் ஏறினால் கணியம்பாடி வழியாக அமிர்தி, அங்கிருந்து மேலே ஜமுனாமரத்தூர், சாயங்காலம் திரும்பிவிடலாம். கொடைக்கானலுக்கு ஒரு தடவை போய் ஒரு வாரம் தங்கி மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டு வருவதால் பட்டியல் நீளும், ஆனால் எது எந்தப் பருவத்தில் எங்கே என்ற கேள்விக்கு ஒரு பதிலும் கிடைக்காது. தவிர, சோலையில் ஒரு சுண்டுவிரல் நீளக் குச்சியில் நாலைந்து இனம் பின்னிப் பிணைந்து கிடக்கும். புதிதாகக் கற்கும் ஒருவருக்கு அதைப் பிரித்தெடுப்பதற்குள் ஆறு மாதம் ஓடிவிடும். ஜவ்வாது மலையில் இனங்கள் குறைவு, அதனால் ஒவ்வொன்றையும் ஒழுங்காகப் பழகலாம். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்தால் டிசம்பரில் ஏற்காட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள், 1500 மீட்டர், இடைப்பட்ட உயரம், சேலம் வழியாக எளிதாகப் போகலாம்.

என்ன எதிர்பார்க்கலாம்? வறண்ட குன்றுகளில் லிவர்வொர்ட்டின் பாதி உலகம் தரையிலும் பாறையிலும்தான். உலகம் முழுக்க ஏழாயிரம் இனத்துக்கு மேல் லிவர்வொர்ட் இருக்கிறது, அதில் பெரும்பகுதி இலை வகை, தாலஸ் வகை (தண்டு, இலை என்று பிரியாத தட்டையான உடல் கொண்டவை) சிறுபான்மை. ஆனால் காய்ந்த இடங்களில் தாலஸ் வகைக்குச் செல்வாக்கு அதிகம், அதுவும் ரிக்சியா, பிளாஜியோகாஸ்மா, அஸ்டெரெல்லா, டார்ஜியோனியா போன்றவற்றுக்கு. சாமை அறுத்த பிறகு கிடக்கும் தரிசு, ஏரிக்கரையில் தண்ணீர் வடிந்த சேற்று விளிம்பு, ரோடு போட வெட்டிய மண்சரிவு, இவையெல்லாம் ரிக்சியா தேட வேண்டிய இடங்கள். பாறை இடுக்கில், வடக்குப் பார்த்த பக்கமாக, ஓரம் உள்ளே சுருண்டு கறுஞ்சிவப்பாகக் கிடக்கும் ரிப்பன் ஒன்று தென்பட்டால் தண்ணீர் தெளித்துவிட்டுக் காத்திருங்கள், விரிந்து மேல்புறம் பச்சை காட்டும். அது பிளாஜியோகாஸ்மாவா அஸ்டெரெல்லாவா என்பதற்குப் பெண் உறுப்புக் குடையைத் தாங்கும் காம்பு எங்கிருந்து புறப்படுகிறது என்று பாருங்கள்: தாலஸின் முதுகு நடுவிலிருந்து எழுந்தால் பிளாஜியோகாஸ்மா, நுனியிலிருந்து எழுந்து குடைக்கு அடியில் வெள்ளை நார் தொங்கினால் அஸ்டெரெல்லா. காம்பே இல்லாமல் நுனியின் அடிப்பக்கத்தில் இரண்டாகப் பிளக்கும் பளபளத்த கறுப்பு உறை இருந்தால் டார்ஜியோனியா. இருட்டான குகை வாய், பழைய கிணற்றின் உட்சுவர் போன்ற இடங்களில் மழைக்காலத்தில் மஞ்சள் பச்சையாக மினுங்கினால் சையத்தோடியம் என்று சந்தேகப்படலாம். நீர்வீழ்ச்சிச் சாரல் படும் பாறைகளில், ஜமுனாமரத்தூர் பக்கம் பீமன் அருவி, திருப்பத்தூர் பக்கம் ஜலகாம்பாறை போன்ற இடங்களில், அகலமான கரும்பச்சைத் தாலஸ்களைத் தேடுங்கள். அதன் மேல்தோலில் கட்டம் கட்டமான காற்றறைகளும் துளைகளும் தெரியாவிட்டால் டூமோர்டியெராவாக இருக்க வாய்ப்பு. நான் சொல்வது தேட வேண்டிய இடங்கள் மட்டுமே, அந்தந்த இடத்தில் அந்தந்தச் செடி கிடைத்தே தீரும் என்று உத்தரவாதம் தரவில்லை.

பருவம்தான் இங்கே பாதி ஆய்வு. நமக்குத் தென்மேற்கிலும் கொஞ்சம் மழை, வடகிழக்கிலும் மழை. ஆகஸ்டில் தரை பச்சை பிடிக்கத் தொடங்கும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை உச்சம். ஆனால் உச்சத்தில் மட்டும் போனால் ரிக்சியாவுக்குப் பெயர் வைக்க முடியாது, ஏனென்றால் அதில் இனம் பிரிப்பது ஸ்போர் (விதைக்குப் பதில் பரவும் நுண்துகள்) சுவரின் வேலைப்பாட்டை வைத்துத்தான், அந்த ஸ்போர் முற்றுவது மழை நின்று தாலஸ் மஞ்சளடிக்கும்போது. அதனால் அதே இடத்துக்கு ஜனவரியில் மறுபடி போக வேண்டும், முன்பு பச்சையாக இருந்த இடம் காய்ந்து போயிருக்கும், கத்தியால் மண்ணோடு பெயர்த்து எடுக்க வேண்டும். இலை வகையிலும் இதே தொல்லை உண்டு. ஸ்போர் உறையைத் தூக்கும் காம்பு திடீரென்று நீண்டு, உறை நாலாகப் பிளந்து ஸ்போர் கொட்டியதும் சில நாளில் வாடிப்போகும். நல்லவேளையாகப் பெண் உறுப்பைச் சுற்றியிருக்கும் பெரியாந்த் அதற்குப் பிறகும் நிற்கும், பல பேரினங்களுக்கு அதன் மடிப்புகளே முக்கிய அடையாளம். எனவே எடுக்கும்போதே லென்ஸில் பார்த்து, பெரியாந்த் உள்ள துண்டாகத் தேர்ந்தெடுங்கள். வெறும் தண்டும் இலையுமாக எடுத்து வந்துவிட்டு ராத்திரி மேஜையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைவிட, காட்டில் இன்னும் பத்து நிமிஷம் குனிந்து தேடுவது லாபம்.

இப்போது மரம். நீங்கள் எங்கேயோ 'ஐந்து மரம் போதும்' என்று படித்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அது கிராட்ஸ்டீன், நளினி நட்கர்னி முதலியோர் 2003-இல் வெளியிட்ட மழைக்காட்டு வழிமுறை. ஒரு ஹெக்டேர் மழைக்காட்டில் பெரிய மரங்களில், அடியிலிருந்து வெளிக்கிளை நுனி வரை மண்டலம் மண்டலமாகப் பிரித்து எடுத்தால், பிரையோஃபைட்டுகளுக்கு ஐந்து மரமும் பூக்கும் தொற்றுச்செடி, பெரணி வகைகளுக்கு எட்டு மரமும் பெரும்பாலான இனங்களைக் காட்டிவிடும் என்பது அதன் சாரம். மண்டலப் பிரிப்பு அதற்கும் முந்தையது, யோஹான்சன் 1974-இல் மேற்கு ஆப்பிரிக்கக் காட்டை வைத்துப் போட்டது: அடிமரம், தண்டு, கிளையின் உட்பகுதி, நடுப்பகுதி, வெளிப்பகுதி. நல்ல வழிமுறை, ஆனால் அது மழைக்காட்டுக்கு எழுதியது. அங்கே ஒரே மரத்தில் எல்லாம் குவிந்திருக்கும், ஜவ்வாது மலையில் ஒரு மரத்தில் கைப்பிடி அளவு இருக்கும், பக்கத்து மரம் மொட்டையாக இருக்கும். அந்த 'ஐந்து' என்ற எண்ணை அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்கினால் ஐந்தில் மூன்று வெறும் பூஜ்யமாக வரலாம். மண்டலப் பிரிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், எண்ணை விட்டுவிடுங்கள்.

மரம் ஏறாதீர்கள் என்றே சொல்வேன். கயிறு கட்டி ஏறுவது தனிப் பயிற்சி, ஆறு மாத புராஜெக்ட்டில் கற்று முடிக்கிற காரியம் இல்லை, விழுந்தால் பக்கத்தில் ஆஸ்பத்திரியும் கிடையாது. ஆனால் மேலே இருப்பதைப் பார்க்காமல் 'இந்த மரத்தில் இவ்வளவுதான்' என்று எழுதுவதும் தப்பு, வெயில் தாங்கும் சில இனங்கள் வெளிக்கிளையில் மட்டுமே இருக்கும். இதற்கு வழி, காற்று மழைக்குப் பிறகு உடனே போய், புதிதாக முறிந்து விழுந்த கிளைகளைப் பார்ப்பது. பட்டை இன்னும் பச்சையாக இருக்கிற கிளையாக இருக்க வேண்டும், மாதக்கணக்கில் தரையில் கிடந்ததை எடுத்தால் தரையில் வந்து ஒட்டியதையும் மேலிருந்து வந்ததையும் பிரிக்க முடியாது. மலைக்கிராமங்களில் மாமரம், பலாமரம் கவாத்து செய்யும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு போனாலும் கிளை முழுசாகக் கிடைக்கும். அறிக்கையில் 'மேல்கிளை மாதிரிகள் விழுந்த கிளைகளிலிருந்து' என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிளாட் விஷயத்தில் என் யோசனை, பரப்பளவைப் பிரிப்பதற்குப் பதில் இடவகையைப் பிரியுங்கள். ஓடைப்பாறை, வறண்ட பாறை இடுக்கு, மண்வெட்டு, தரிசு நிலம், மரத்தின் அடி, மார்பு உயரத் தண்டு, விழுந்த கிளை, மக்கிய கட்டை, உயிருள்ள இலை. கடைசியாகச் சொன்ன இலை மேல் வளர்வது ஈரக்காடுகளின் சங்கதி, ஜவ்வாது மலையில் ஓடையை ஒட்டிய பசுமை மாறாப் புதர்களில் மட்டும் தேடுங்கள், ஒன்றும் கிடைக்காவிட்டால் 'இத்தனை இலை பார்த்தேன், கிடைக்கவில்லை' என்று எண்ணோடு எழுதுங்கள், அதுவும் தரவுதான். ஒவ்வொரு இடவகையிலும் 20 செ.மீ.க்கு 30 செ.மீ. சட்டம் ஒன்றை வைத்து, மலையைக் கீழ், நடு, மேல் என்று மூன்று உயரப்பகுதியாகப் பிரித்து, மூன்றிலும் ஒரே எண்ணிக்கையில் எடுங்கள். கம்பியில் நீங்களே வளைத்துக்கொள்ளலாம். மெல்லிய கிளையில் அதே பரப்பை நீளவாக்கில் எடுத்தால் சரி. சட்டத்துக்கு வெளியே புதிதாக ஏதாவது கண்ணில் பட்டால் அதையும் எடுங்கள், ஆனால் 'சட்டத்துக்கு வெளியே' என்று தனியாகக் குறியுங்கள், புள்ளியியலுக்குள் அது வரக்கூடாது, இனப்பட்டியலில் வரலாம்.

செடிகளை எண்ணாதீர்கள். கிளைத்துக் கிளைத்துப் பரவும் ஒன்றில் எது ஒரு செடி, எது இரண்டு என்று யாராலும் சொல்ல முடியாது, பன்மையை அளக்கும் ஷானன் குறியீடு போட வேண்டும் என்ற ஆசையில் 'தனிச்செடி எண்ணிக்கை' என்று ஒரு பத்தியை நிரப்பி வைத்திருக்கும் ஆய்வேடுகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. எத்தனை சட்டத்தில் இருந்தது என்ற அலைவெண்ணே போதும், வேண்டுமானால் மூடிய பரப்பைச் சதவீதத்தில் தோராயமாக. சட்டங்கள் கூடக்கூடப் புதிய இனம் எவ்வளவு சேர்கிறது என்று வரைபடம் போட்டுக்கொண்டே போங்கள், அது தட்டையாகிற இடத்தில் நிறுத்தலாம். சாவோ 2 மதிப்பீட்டையும் சேர்த்துப் போடுங்கள். ஒரே ஒரு சட்டத்தில் கிடைத்த இனங்கள், சரியாக இரண்டு சட்டத்தில் கிடைத்த இனங்கள் ஆகியவற்றை வைத்து இன்னும் குறைந்தபட்சம் எத்தனை கண்ணில் படாமல் இருக்கலாம் என்று அது சொல்கிறது. கவனிக்க வேண்டியது, இந்தக் கணக்கு முழுவதும் நீங்கள் இனத்தைச் சரியாகப் பிரித்திருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. ஒரே இனத்தின் நிழல் வடிவத்தையும் வெயில் வடிவத்தையும் இரண்டாகப் பிரித்து வைத்தால், ஒற்றையாகக் கிடைத்தவை கூடி, மதிப்பீடு எங்கேயோ போய்விடும்.

எடுப்பதும் பாதுகாப்பதும் சுலபம், பூக்கும் தாவரம் மாதிரி அழுத்தி ஒட்டும் வேலை இல்லை. தீப்பெட்டி அளவு துண்டு போதும், ஒரு திட்டை மொத்தமாகச் சுரண்டாதீர்கள். தாளை மடித்த பாக்கெட்டில் போட்டு, மேலேயே பென்சிலால் எழுதி, நிழலில் காற்றாட உலர்த்துங்கள். ஃபார்மலின், ஆல்கஹால் எதுவும் வேண்டாம். பாக்கெட்டில் ஜி.பி.எஸ். அளவு, உயரம், எதன் மேல், மரமானால் என்ன மரம், தரையிலிருந்து எவ்வளவு உயரம், நிழலா வெயிலா, தேதி, உங்கள் எண். மரத்தின் பெயருக்கு மாத்யூ பாதிரியாரின் தமிழ்நாடு கர்நாட்டிக் தாவரத் தொகுப்பு கை கொடுக்கும். அதில் பூக்கும் தாவரம் மட்டும்தான், லிவர்வொர்ட் தேடிப் புரட்டாதீர்கள். ஊர்ப்பெயரை மட்டும் நம்பவும் வேண்டாம். பழைய லேபிள்களில் வட ஆர்க்காடு மாவட்டம் என்று இருக்கும் மலை 1989-க்குப் பிறகு வேலூர், திருவண்ணாமலை என்று இரண்டானது, 2019-இல் வேலூரிலிருந்து திருப்பத்தூர் பிரிந்தது, இன்று அதே ஜவ்வாது மலை மூன்று மாவட்டத்தில் கிடக்கிறது. அமிர்தி ஒரு மாவட்டம், ஜமுனாமரத்தூர் இன்னொன்று, புதூர்நாடு மூன்றாவது. அட்சரேகை தீர்க்கரேகை இருந்தால்தான் நாளைக்கு ஒருவர் அதே பாறையைத் தேடிப் போக முடியும். வனத்துறை அனுமதிக்கும் இந்த மூன்று பக்கமும் பொருந்தும். மலையில் பெரும்பகுதி காப்புக்காடு, அனுமதிக் கடிதம் இல்லாமல் ஒரு துளி பாசியும் எடுக்கக்கூடாது. நீங்கள் வேலூர் கோட்டத்துக்கு வாங்கிய கடிதம் திருப்பத்தூர் கோட்டத்துக்குச் செல்லும் என்று நினைத்துவிடாதீர்கள், விண்ணப்பத்திலேயே மூன்று கோட்டத்தின் பெயரையும் போடுங்கள்.

மைக்ரோஸ்கோப்புக்கு வருவோம். காட்டில் செலவழித்த ஒரு மணிக்கு மேஜையில் நாலைந்து மணி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆரம்பத்தில் அதற்கும் மேல். எப்படிப் பார்ப்பது என்பதற்கு மாமரத் தண்டில் கிடைக்கும் செம்பழுப்புத் திட்டு ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். காய்ந்திருக்கும்போது நகத்தால் சுரண்டினால் பொடியாக வரும், அப்படிச் செய்யாதீர்கள், முதலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒரு நிமிஷத்துக்குள் நெகிழ்ந்து படரும். மெல்லிய ஊசியால் ஒரு கிளையைப் பிரித்து, ஸ்லைடில் மல்லாக்கப் போடுங்கள், ஏனென்றால் இலை வகையில் விஷயமெல்லாம் வயிற்றுப் பக்கத்தில்தான் இருக்கிறது. பக்கத்துக்கு ஒரு வரிசை இலை, நடுவில் சின்னதாக ஓர் அடியிலை வரிசை. ஒவ்வொரு பக்க இலையின் அடியிலும் மடிந்த சிறு மடல் இருக்கும். அந்த மடல் தண்டை ஒட்டித் தனியாக நின்று, வாய் கீழே பார்த்த சின்ன ஹெல்மெட் மாதிரி தெரிந்தால் ஃப்ருலானியா. மடல் இலையோடு அகலமாக ஒட்டிப் பையாகச் சுருண்டிருந்து அடியிலையும் இருந்தால் லெஜூனியேசி பக்கம் போங்கள். அடியிலையே இல்லாமல், ரைசாய்டு மடலிலிருந்தே கிளம்பினால் ரடுலா. மடலே இல்லாமல், விளிம்பில் பல் பல்லாக, முதுகுப் பக்கம் திருப்பிப் பார்க்கும்போது ஒவ்வொரு இலையின் முன்விளிம்பும் அடுத்த இலைக்கு அடியில் போய் ஒளிந்தால் பிளாஜியோகைலாவை முதலில் நினையுங்கள். இந்த நாலைக் கை பழகிவிட்டால் குன்றுக்காட்டு மரத் தண்டில் பெரும்பாலான பாக்கெட்டுகளுக்குப் பேரினம் எழுதிவிடலாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், எண்ணெய்த் திரள்களைப் பச்சையாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். லிவர்வொர்ட்டின் செல்லுக்குள் சவ்வு போர்த்திய எண்ணெய்த் திரள்கள் இருக்கும், வேறெந்தத் தாவரக் கூட்டத்திலும் இந்த மாதிரி கிடையாது. எத்தனை, என்ன வடிவம், வழவழப்பா மணிமணியா, எல்லாச் செல்லிலுமா சிலவற்றில் மட்டுமா என்பது இனம் பிரிக்கப் பெரிய உதவி. காய்ந்தால் பெரும்பாலானவற்றில் கரைந்து மறைந்துவிடும், பிறகு எவ்வளவு ஊறவைத்தாலும் திரும்பி வராது. ஆகவே ஒவ்வொரு பயணத்திலும் இலை வகைகளில் ஒரு துண்டைப் பாலிதீன் உறையில் ஈரமாக வைத்து, குளிர்ந்த இடத்தில் வைத்து, இரண்டொரு நாளில் 400 மடங்கில் படம் எடுத்து, பாக்கெட் எண்ணோடு சேருங்கள். உங்கள் மொபைல் போட்டோ உண்மையில் உதவுவது இங்கேதான், ஐபீஸில் வைத்து எடுத்தாலே போதுமான தெளிவு வரும்.

பெயர் வைப்பதில் அவசரம் வேண்டாம். இந்திய லிவர்வொர்ட் ஆய்வுக்கு அடித்தளம் போட்ட காஷ்யப்பின் நூல் 1929-இலும் 1932-இலும் வந்தது, அருமையான படங்கள், ஆனால் அது மேற்கு இமயத்துக்கும் பஞ்சாப் சமவெளிக்கும் எழுதியது. அதில் உள்ள பெயர்களுக்குள்ளேயே உங்கள் செடியைத் திணித்தால் இமயத்து இனம் ஒன்று ஜவ்வாது மலையில் 'கண்டுபிடிக்கப்பட்டுவிடும்'. செண்பகனூரில் இருந்த ஃபோரோ பாதிரியார் 1961-இல் பழனி மலைக்குப் பட்டியல் போட்டார், அது மாஸ், அதாவது பாசிகளின் பட்டியல், லிவர்வொர்ட் பட்டியல் இல்லை. உங்களுக்கு நெருக்கமானது நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியின் டேனியல்ஸ் 2010-இல் வெளியிட்ட தமிழ்நாட்டு பிரையோஃபைட் பட்டியல். அதிலிருந்து பேரினத்துக்கு இன்னின்ன இனம் மாநிலத்தில் பதிவாகியிருக்கிறது என்று எடுத்து, மூல விவரணையோடு ஒப்பிடுங்கள். பொருந்தாததை 'லெஜூனியா இனம் 1', 'லெஜூனியா இனம் 2' என்று எழுதி வையுங்கள், எந்தப் பாக்கெட் எந்த எண் என்று மாறாமல் இருக்கும் வரை சூழலியல் கணக்குக்கு அது தாராளமாகப் போதும். மற்றவர் பட்டியலில் உள்ள 'இனம் 1'-உடன் மட்டும் ஒப்பிட முடியாது. புது இனம் என்ற ஆசை வந்தால் அதை ஒரு வருடம் ஒதுக்கி வையுங்கள், பெரும்பாலும் அது பழைய இனத்தின் மெலிந்த வடிவமாக இருக்கும்.

போட்டோ மட்டும் போதுமா என்ற கடைசிக் கேள்விக்குப் பதில் இதற்குள் வந்துவிட்டது. காம்போடு நிற்கும் தாலஸ் வகை மார்கான்ஷியாவைப் போட்டோவில் பேரினம் வரை சொல்லலாம், இலை வகையில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள ஒன்றைச் சொல்ல முடியாது, செல்போன் ஆப் சொன்னாலும் நம்பாதீர்கள். தரையில் பச்சை ரோஜா மாதிரி படர்ந்து, நடுவில் கொம்பு கொம்பாக நிற்பதை லிவர்வொர்ட் என்று எழுதிவிடாதீர்கள், அது ஹார்ன்வொர்ட். ஒரு துணுக்கை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பெரும்பாலும் செல்லுக்கு ஒரே பெரிய பசுங்கணிகம், எண்ணெய்த் திரள் கிடையாது. இரண்டையும் சேர்த்தே கணக்கெடுப்பது வழக்கம்தான், பட்டியலில் தனியாகக் காட்டுங்கள். பாக்கெட்டுகளில் ஒரு செட்டைக் கல்லூரியிலும், இன்னொரு செட்டைக் கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தென்மண்டல மையத்தில் உள்ள ஹெர்பேரியத்திலும் (உலர் தாவரச் சேகரம்) கொடுக்க முடியுமா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். ஆய்வேட்டில் ஒவ்வொரு இனத்துக்கும் நேரே பாக்கெட் எண் இருக்கட்டும். அனுமதி விண்ணப்பத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள், பதில் வர நாளாகும். அதுவரை ஏலகிரியில் பட்டா நிலத்து மாமரங்களில், தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, ஃப்ருலானியாவை மல்லாக்கப் போட்டுப் பழகுங்கள்.